முஸாபிர்கள் எழுப்பிய பள்ளிகள்: பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியா வணிகர்கள்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் ‘சூலியா தெரு’ என்றொரு தெரு உண்டு. சிங்கப்பூரிலும் அதே பெயரில் ஒரு தெரு இருக்கிறது. சோழ மண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களை மலாய் உலகத்தார் சூலியர் என்றே அழைத்தனர். சோழ நாட்டின் பெயரே இவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்களைச் சேர்ந்த மரைக்காயர்களும் அவர்களோடு கப்பலேறிய லெப்பைமார்களும் உழைப்பாளிகளும் இந்த ஒரே பெயருக்குள் அடங்கினர்.

இச்சமுதாயத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கப்பல்களின் பெருமையையும் செல்வர்களின் கொடைச் சிறப்பையும் எழுதி நிறைவடைந்துவிடுகின்றனர். அவை உண்மையே, பெருமைக்கு உரியவையே. ஆனால் அந்தக் கப்பல்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கிடங்குகள் கைமாறிவிட்டன. மரக்கல வணிகத்தில் ஈட்டிய பொருளில் எஞ்சி நிற்பது, வக்ஃபாக எழுதிவைக்கப்பட்ட நிலமும் அதன்மேல் எழுந்த பள்ளிவாசல்களுமே. ஒரு பருவக்காற்றோடு வந்து மறு பருவக்காற்றோடு திரும்பும் எண்ணத்துடன் வந்தவர்கள், விற்க இயலாத நிலத்தையும் பெயர்க்க இயலாத கட்டடத்தையும் ஏன் விட்டுச் சென்றனர் என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா.

காற்றோடு வந்தவர்கள்

தமிழகக் கடற்கரையின் முஸ்லிம் வணிகம் மிகப் பழமையானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் காயல் துறையில் தங்கியதை எழுதியிருக்கிறார். பாண்டிய அரசுக்கு ஆண்டுதோறும் குதிரைகள் வழங்கிய ஒப்பந்தத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். மேற்கே அரபுக் கடலோடு அமைந்த இத்தொடர்பைப் போலவே கிழக்கே மலாய்த் தீவுகளோடும் ஒரு தொடர்பு வளர்ந்தது. அங்கே சென்ற சரக்குகளில் முதன்மையானது துணி. மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் ‘கைன் பெலிக்காட்’ என்கின்றனர். பழவேற்காட்டின் பெயர் அந்தச் சொல்லில் ஒளிந்திருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்ச்சுக்கீசியரான டோமே பிரேஸ், அந்நகரில் வெளிநாட்டு வணிகர்களுக்கென நான்கு ஷாபந்தர்கள் நியமிக்கப்பட்டிருந்ததை விவரிக்கிறார். அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் வங்காளம், பெகு, பாசை ஆகிய நாட்டு வணிகர்களோடு சோழ மண்டலக் கரையினரும் இருந்தனர். 1511-இல் மலாக்கா போர்ச்சுக்கீசியர் கைக்குப் போனது. 1641-இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். இவ்விரு மாற்றங்களாலும் நெருக்கப்பட்ட முஸ்லிம் வணிகர்கள் அச்சே, கெடா, பேராக் முதலிய துறைகளை நாடினர். கெடா சுல்தான்களின் அவையில் அரச வணிகர்களாகவும் சிலர் உயர்ந்தனர்.

1786-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்பதித்தபோது, எதிர்க்கரையான கெடாவில் வாழ்ந்த சூலியர்களே அங்கு முதலில் குடியேறியவர்களுள் குறிப்பிடத்தக்கோர். 1794-இல் லைட் எழுதிய குறிப்பு ஒன்று நம் கவனத்திற்குரியது. தீவில் ஏறத்தாழ 1000 சூலியர்கள் இருப்பதாகவும், அவர்களுள் சிலர் குடும்பத்தோடு வாழ்வதாகவும் அவர் கூறுகிறார். இவர்களைத் தவிர, ஆண்டுதோறும் சோழ மண்டலக் கரையிலிருந்து வரும் மரக்கலங்கள் 1300 முதல் 2000 ஆட்களைக் கொண்டுவருகின்றன; அவர்கள் சிறு வணிகத்தாலும் உடலுழைப்பாலும் சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர்; அவர்களின் இடத்திற்கு வேறு ஆட்கள் வருகின்றனர் என்பது அவர் தரும் செய்தி.

கடல்வணிகச் சமுதாயத்தின் உண்மையான அமைப்பு இந்தக் குறிப்பில் தெரிகிறது. கப்பல் உரிமையாளர் சிலர். நிலையாகத் தங்கியோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். வந்துபோவோரோ அதற்கும் மேற்பட்டோர். ஷரீஅத்தின் சொல்லில் கூறினால், முகீம்கள் சிலரும் முஸாபிர்கள் பலரும் சேர்ந்த ஜமாஅத் அது.

நாற்பது பேரின் ஜும்ஆ

இங்கே ஒரு ஃபிக்ஹு மஸ்அலாவை நினைவுகூர்தல் பொருத்தமாகும். தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். மலாய் முஸ்லிம்களும் அதே மத்ஹபினர். திருமணம், பாகப்பிரிவினை, வணிக ஒப்பந்தம் ஆகிய எல்லாவற்றிலும் இரு கரையினரையும் ஒரே சட்டம் இணைத்தது வணிகத்திற்குப் பெரும் துணையாயிற்று. அந்த மத்ஹபில் ஜும்ஆத் தொழுகை நிறைவேற, ஊரில் நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆண்கள் தேவை என்பது நிலைபெற்ற கருத்து. வந்துபோகும் பயணிகள் எத்தனை நூறு பேர் இருப்பினும் அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள்.

எனவே அயலூரில் ஒரு ஜும்ஆப் பள்ளி எழுந்தது என்றால், கட்டடம் கட்டப்பட்டது என்பது மட்டும் அதன் பொருளாகாது. வந்தவர்களுள் ஒரு சிலரேனும் இது எம் ஊர் என்று முடிவு செய்துவிட்டனர் என்பதும் அதில் அடங்கும். நாற்பது பேர் தங்கினர். அவர்கள் தங்கியதால் இரண்டாயிரம் பேருக்கு வெள்ளிக்கிழமை கிடைத்தது. சூலியப் பள்ளிகளின் வரலாற்றை இக்கண் கொண்டு நோக்கினால் அது தெளிவாக விளங்கும்.

கப்பித்தான் காதிர் முகைதீன்

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவராகச் சொல்லப்படும் காதிர் முகைதீன் மரைக்காயர் பினாங்கின் தொடக்க காலக் கப்பல் வணிகர்களுள் முதன்மையானவர். பல இனத்தார் கூடி வாழும் துறைமுகத்தில் ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு தலைவரை நியமித்து, அவர் வழியாகவே வழக்குகளையும் ஒழுங்கையும் கவனிப்பது அக்கால ஆட்சிமுறை. அம்முறையில் தென்னிந்தியர்களின் தலைவராகக் கம்பெனியார் ஏற்றுக்கொண்டவர் அவர். ‘கப்பித்தான் கெலிங்’ என்னும் பட்டம் அவ்வாறு வந்தது. கலிங்கம் என்ற சொல்லிலிருந்து பிறந்த ‘கெலிங்’ இன்று மலேசியாவில் இழிவுச் சொல்லாகக் கருதப்படுகிறது. அன்றோ அது கரையைக் குறிக்கும் பெயராகவே வழங்கியது.

1801-இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் அவர்களிடமிருந்து பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் பெறப்பட்டது. வளரும் ஒரு துறைமுக நகரின் நடுவே, சூலியா தெருவை ஒட்டி அமைந்த நிலம் அது. அடுத்த சில ஆண்டுகளில் செங்கல்லால் எளிய பள்ளி ஒன்று எழுந்தது. இன்று நாம் காணும் குவிமாடங்களும் உயர்ந்த மினாராவும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூப்ரோனர் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி அமைந்தவை. மொகலாயச் சாயல் கொண்ட அவற்றைக் கண்டு, இது ஏதோ வடநாட்டார் கட்டியது என்று எண்ணிவிடக் கூடாது.

18 ஏக்கர் என்பது ஒரு பள்ளிவாசலுக்குத் தேவையான நிலத்தைவிட மிகப் பெரிது. அதில் மையவாடியும் குடியிருப்புகளும் அமைந்தன. கடைகளின் வாடகை பள்ளியின் செலவுக்கு உதவியது. வணிகர் ஒருவர் தம் மனத்தில் போட்ட கணக்கு இதில் தெரிகிறது. ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு தலைமுறைக்குள் கரைந்துவிடும். கப்பலாகக் கொடுத்தால் ஒரு புயலில் போய்விடும். நிலமாக, அதுவும் வாடகை தரும் நிலமாகக் கொடுத்தால் முதல் நிற்கும், வரவு மட்டும் செலவாகும். முதலைத் தொடாமல் வரவை வழங்குவது தானே வக்ஃபின் இலக்கணம்! கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, விற்கப்படாமலும் அன்பளிப்பாகக் கொடுக்கப்படாமலும் வாரிசுரிமையாகாமலும் இருக்கும்படி உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்ததை மார்க்கம் கற்ற மரைக்காயர்கள் அறிந்தே இருந்தனர். அந்த நிலத்தின் பயனாளிகளுள் வழிப்போக்கர்களும் இடம்பெற்றிருந்தனர் என்பதும் அவர்கள் அறியாததன்று.

காதிர் முகைதீன் 1834-இல் காலமானார். அவரது அடக்கத்தலம் பினாங்கிலேயே இருக்கிறது. வணிகத்திற்காக வந்தவர் திரும்பிப் போகவில்லை.

கடலோரத்து நாகூர்

பினாங்கில் நடந்தது சிங்கப்பூரில் மீண்டும் நடந்தது. 1819-இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அங்கே வணிக நிலையம் அமைத்தார். அடுத்த பத்தாண்டுகள் முடிவதற்குள் சூலியர்கள் மூன்று அறநிலையங்களுக்கு அடிகோலிவிட்டனர். சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியாப் பள்ளி 1826-இல் அன்சார் சாஹிப் என்பவரின் தலைமையில் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவின் அல் அப்ரார் பள்ளி 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியது. பிறகு செங்கல் கட்டடமாக உயர்ந்தபோதும் தமிழர்கள் அதைக் குடிசைக் காலப் பெயராலேயே ‘குச்சுப்பள்ளி’ என்று அழைத்தனர். அதே தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்கா கட்டப்பட்டது. அதற்குரிய நிலம் 1827-இல் காதர் பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டபோது, அதை விற்கக் கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. அரசின் நிபந்தனையும் வக்ஃபின் நிபந்தனையும் அங்கே ஒன்றாகிவிட்டன.

நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்கள் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். அன்னாரின் உடல் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ இல்லை. இருந்தும் இரு ஊர்களிலும் அவர்கள் பெயரால் கட்டடங்கள் எழுந்தன. முகம் மழித்துக்கொண்டிருந்தபோது நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அன்னார் கையிலிருந்த கண்ணாடியால் அடைத்துக் காத்தார்கள் என்னும் கதை கடலோடிகளிடையே வழிவழியாகச் சொல்லப்படுவது. இத்தகைய நேர்ச்சைகளையும் விழாக்களையும் பற்றி நம்மிடையே இன்று கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவ்விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வரலாற்று மாணவனுக்கு அக்கதை சொல்லும் செய்தி வேறு. மரப்பலகைக்கும் மரணத்திற்கும் இடையே வாழ்ந்தவர்களின் அச்சம் அது. கரை சேர்ந்தவர்கள் நன்றி சொல்ல ஓர் இடம் தேடினர். நாகூர் தொலைவில் இருந்ததால், இறங்கிய கரையிலேயே ஒரு நாகூரைக் கட்டிக்கொண்டனர்.

அக்காலத்தில் தெலுக் ஆயர் தெரு கடற்கரையாகவே இருந்தது. படகிலிருந்து இறங்கியவர் சில அடிகள் நடந்தால் பள்ளிக்குள் நுழைந்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்பட்டு, கரை அப்பால் நகர்ந்துவிட்டது. ஜாமிஆப் பள்ளியும் அல் அப்ராரும் நாகூர் தர்காவும் 1974-இல் சிங்கப்பூரின் தேசிய நினைவுச் சின்னங்களாயின. நாகூர் தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகவும் விளங்கிவருகிறது. கடல் விலகிய பின்னும் தெலுக் ஆயர் தெருவின் இரு கட்டடங்களும் பழைய கரை இருந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

இக்கரையில் வீடு

அக்கரையில் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இக்கரையையும் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வான். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். காயல்பட்டினத்தில் பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் தனித் தைக்காக்கள் உண்டு. பெருந்தெருக்களைத் தொடாமல் வீட்டுக்கு வீடு சென்றுவரக் குறுகிய சந்துகளும் உண்டு. இவ்வமைப்புக்கு ஆய்வாளர்கள் வெவ்வேறு காரணங்கள் கூறுவர். ஆயினும் ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கடல் கடந்து வாழ்ந்த ஊர்களில் இந்த ஏற்பாடு எவ்வளவு பொருந்தியது என்பதை மறுப்பதற்கில்லை. கணவன் கப்பலோடு போனாலும், திரும்பி வராமலே போனாலும், பெண்ணின் கூரைக்கு ஆபத்தில்லை.

ஆக, கடலோடிச் சமுதாயம் தன் அசையாச் சொத்தை இரு கரைகளிலும் இருவேறு வகையில் பாதுகாத்தது. இக்கரையில் வீடு மகளுக்குச் சென்றது. அக்கரையில் நிலம் வக்ஃபுக்குச் சென்றது. இரண்டிலும், பயணம் போகும் ஆணின் கையில் சொத்து தங்கவில்லை. இடர் நிறைந்த தொழிலைச் செய்வோர், தம் இடர் பிறரைத் தாக்காதவாறு செய்துகொண்ட ஏற்பாடுகளாக இவ்விரண்டையும் கருதலாம்.

பொருளைப் போலவே கல்வியையும் நூலையும் இவ்வணிகர்களே தாங்கினர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் தொடங்கி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் அரங்கேறியதை நாம் அனைவரும் அறிவோம். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களும் இவ்வாறே வளர்ந்தன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மகானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்கள் இலங்கை முதலிய அயற்கரைகளிலும் ஓதப்பட்டன. கப்பலில் துணி மூட்டைகளோடு கிதாபுகளும் சென்றன.

கணக்குத் தமிழ்

மலாய் மொழியில் இவ்வணிகர்கள் விட்ட தடம் அழியாதது. கப்பல் அங்கே ‘காப்பால்’ ஆயிற்று. கடை ‘கெடாய்’ ஆயிற்று. முதல் ‘மோடால்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. பள்ளியில் ஓதிக்கொடுத்த லெப்பை, சமயப் பணியாளரைக் குறிக்கும் ‘லெபாய்’ ஆனார். உறவுமுறைச் சொல்லான மாமாவிலிருந்து வந்த ‘மாமாக்’ இன்று மலேசியத் தமிழ் முஸ்லிம்களையும் அவர்களின் உணவுக்கடைகளையும் குறிக்கிறது.

நவீன மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் (1796–1854) மலாக்காவில் பிறந்தவர். அரபு, தமிழ் மரபுகள் கலந்த குடும்பத்தினர். 1849-இல் வெளியான தம் வரலாற்றில், இளமையில் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அவர் விவரிக்கிறார். வசதியான குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் பயில்வது முன்னோர் காலந்தொட்டு மலாக்காவின் வழக்கம் என்றும், கணக்கு எழுதவும் வணிகர்களோடு உரையாடவும் அது பயன்பட்டது என்றும் காரணம் கூறுகிறார். தமிழ் அன்று அக்கடல் வணிகத்தின் கணக்கு மொழியாக விளங்கியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மலாய்ப் பெண்களை மணந்து தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் ‘ஜாவி பெரானாக்கான்’ எனப்பட்டனர். 1876-இல் சிங்கப்பூரில் அவர்கள் தொடங்கிய இதழ் அதே பெயரைத் தாங்கி, மலாய் மொழியின் முதல் செய்தித்தாளாக அமைந்தது. 1887-இல் மகுதூம் சாயபு அவர்கள் அதே நகரில் ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். ஒரே துறைமுகம்; ஒரே மூலம்; ஒரு கிளை மலாயில் எழுதிற்று, மற்றொரு கிளை தமிழில் எழுதிற்று.

மரக்கலங்கள் மறைந்தபின்

நீராவிக் கப்பல்களும் இங்கிலாந்தின் ஆலைத் துணிகளும் 19-ஆம் நூற்றாண்டில் மரக்கல வணிகத்தை முடக்கின. கப்பல் உரிமையாளர்களின் பிள்ளைகள் நாணயமாற்று, மளிகை, கால்நடை, அச்சுத்தொழில், உணவுக்கடை ஆகியவற்றுக்கு மாறினர். கடற்பயணமும் பிறர் கப்பல்களில் நடந்தது. 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்தது. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985-இல் தீ விபத்து நேர்ந்தது. அத்துடன் அந்தப் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது.

வக்ஃபுகளுக்கும் சோதனைக் காலம் வந்தது. அறக்கட்டளைச் சொத்துகள் முறையாக நிர்வகிக்கப்படவில்லை என்ற குறைகளின் பின்னணியில், 1905-ஆம் ஆண்டின் சட்டப்படி முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கான வாரியம் நீரிணைக் குடியேற்றங்களில் உருவானது. பினாங்குப் பள்ளியின் நிலங்களும் அதன் பொறுப்புக்குச் சென்றன. கணக்கு சீர்பட்டது. ஆனால் ஜமாஅத் தன் முன்னோரின் சொத்தைத் தானே ஆளும் நிலை போயிற்று. 18 ஏக்கர் நிலமும் காலப்போக்கில் குறுகியது. இதற்கு அரசை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. கொடுத்தவரின் நிபந்தனையைக் காக்க வேண்டியவர்கள் முதலில் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். வணிகத்தில் ஒரு காசுக்கும் கணக்கு வைத்த சமுதாயம், வக்ஃபில் ஏன் அவ்வாறு கணக்கு வைக்கவில்லை என்பது இன்று தமிழகத்தின் ஒவ்வொரு மஹல்லாவும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளியை இன்று உலகெங்கிலுமிருந்து வருவோர் பார்க்கின்றனர். கட்டடத்திற்குக் காப்பு கிடைத்துவிட்டது. ஏட்டுக்குத்தான் கிடைக்கவில்லை. நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில், அக்கரையிலிருந்து வந்த கடிதங்களும் கணக்கேடுகளும் அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகின்றனர். வீடு புதுப்பிக்கப்படும்போது பெட்டி காலியாகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அது படிக்க முடியாத காகிதம். பள்ளிகளின் பழைய மையவாடிகளில் மீஸான் கற்களின் எழுத்துகளும் மழுங்கிவருகின்றன. இவற்றைப் படியெடுத்து வைப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் படித்த இளைஞர் சிலரை இப்பணியில் ஈடுபடுத்தினாலே போதும்.

ஏனெனில் காதிர் முகைதீனின் பெயரை வரலாறு காத்துக்கொள்ளும். அவருக்குத் தெருவும் பள்ளியும் உண்டு. லைட் எண்ணிக்கையாக மட்டும் குறித்துச் சென்ற அந்த 1300 பேருக்கும் 2000 பேருக்கும் பெயர் இல்லை. மூட்டை சுமந்தவர்கள், படகு தள்ளியவர்கள், தெருவில் துணி விற்றவர்கள் அவர்கள். தங்கினவர்கள் கட்டிய பள்ளியின் நிழலில் தங்கி, ஹவ்ளில் ஒளூச் செய்து, வெள்ளிக்கிழமை முன்வரிசையில் நின்று தொழுதுவிட்டு, அடுத்த காற்றில் ஊர் திரும்பினார்கள். யாருக்காக அந்த நிலம் விற்கப்படாமல் வைக்கப்பட்டதோ, அவர்கள் இவர்களே. அவர்களில் ஒருவரின் கடிதமேனும் நம் ஊர்ப் பெட்டிகளில் ஏதோ ஒன்றில் இன்னும் இருக்கலாம்.